பெரும்பான்மை பிறந்த கதை

ராஜபாளையத்துப் பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து தொழிலாளர் வெளியே வரும் நேரம். ஒருவர் வீட்டிலே தெலுங்கு, மற்றவர் வீட்டிலே தமிழ். இருவருக்கும் ஒரே உழைப்பு, ஒரே கூலி. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரலிலே பளியர் பேச்சுக்கென்று ஒரு தனிச் சாயல். 1949இல் சென்னை மாகாண முதல்வரான குமாரசாமி ராஜா இந்த ராஜபாளையத்துக்காரர். அவர் பிறந்த ராஜுக்கள் சமூகத்தின் வீட்டு மொழி தெலுங்கு.

2011 கணக்கெடுப்பிலே, தமிழகத்தில் தெலுங்கே தாய்மொழி என்றவர் ஏறத்தாழ 42 லட்சம். தெலுங்கு தெலுங்காகவே எண்ணப்பட்டது. தமிழின் தலைக்கணக்கைப் பெருக்க அதை யாரும் கரைக்கவில்லை.

இந்திக் கணக்கிலே நடந்ததென்ன? பேசுவோர் 52 கோடி என்றார்கள். மூட்டையை அவிழ்த்தால், இந்தியே தாய்மொழி என்றவர் 32 கோடி! மீதி 20 கோடி? போஜ்புரி 5 கோடி. ராஜஸ்தானி இரண்டரைக் கோடி. சத்தீஸ்கரி, மகதி, இன்னும் பல! பல ஓடைகளை ஒரு குளத்திலே அடைத்துவிட்டு, "பார், பெருங்கடல்!" என்கிறார்கள். இந்தக் கணக்கைக் காட்டித்தானே ஆதிக்கம் கேட்கிறார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1960இல் விடுதலை பெற்ற நைஜீரியாவிலே ஹவுசா, யொரூபா, இக்போ, இன்னும் நூற்றுக்கணக்கான மொழிகள். பேசுவோர் மிகுதி என்று ஹவுசாவை மற்றவர் தலையிலே கட்டவில்லை. ஆட்சிமொழியாக ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டார்கள்.

2027 கணக்கெடுப்பிலே "தாய்மொழி எது?" என்று கேட்பார்கள். தெலுங்கு வீடு தெலுங்கென்று சொல்லட்டும். தமிழ் வீடு தமிழென்று சொல்லட்டும். பளியர் தம் பேச்சின் பெயரைத் தாமே சொல்லட்டும். பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பொய்ப் பெரும்பான்மைக்கு மெய்க்கணக்கே மறுமொழி!