கார் ஒரு பக்கமா இழுத்தா முதல்ல அலைன்மெண்ட்டா?

வேகமாப் போகும்போது கார் ஒரு பக்கமா இழுக்குதுன்னு எந்த ஒர்க்ஷாப்ல போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "வீல் அலைன்மெண்ட் போயிருக்கும் சார், பண்ணிடலாம்." வியாதியைக் கேக்கறதுக்கு முன்னாடியே மருந்துச்சீட்டு எழுதற டாக்டர் மாதிரி. பாதி நேரம் வியாதி அங்க இல்லைங்கறதுதான் என் கட்சி.

மைசூர்ல இந்தப் புகார் இப்ப அதிகமாக் காதுல விழுது. ஹெப்பாளுக்குள்ள, கம்பெனிக்கும் ஸ்கூலுக்கும் 40, 50-ல ஓட்டற வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியறதில்லை. ரிங் ரோடு பிடிச்சு பெங்களூர் எக்ஸ்பிரஸ்வேல ஏறினதும்தான் வண்டியோட சாயம் வெளுக்குது. 2023 மார்ச்ல திறந்த 118 கி.மீ. ரோடு, காருக்கு 100 வரைக்கும் அனுமதி. 50-ல ஒரு விநாடிக்கு 14 மீட்டர் போற வண்டி, 100-ல 28 மீட்டர் போகுது. கண்ணசர்ற அந்த ஒரு விநாடியில லேன் கோட்டைத் தாண்டிடும். திறந்த வருஷத்துல நடந்த விபத்துகளைப் பார்த்துட்டுத்தான் 2023 ஆகஸ்ட் 1-லிருந்து டூவீலர், ஆட்டோ எல்லாத்தையும் அந்த ரோட்டுல தடை பண்ணினாங்க. அந்த மாதிரி ரோட்டுல ஸ்டியரிங்கை ஒரு பக்கமாவே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு "பழகிடுச்சு சார்"னு ஓட்டறதை என்னால ஒத்துக்க முடியலை.

முதல்ல ரோட்டையே சந்தேகப்படுங்க. மழைத்தண்ணி வழியறதுக்காக ரோட்டை 2 முதல் 2.5 சதவீதம் சரிச்சுத்தான் போடுவாங்க. மூன்றரை மீட்டர் அகல லேன்ல ரெண்டு ஓரத்துக்கும் 7 முதல் 9 செ.மீ. உயர வித்தியாசம் வந்துடும். நம்ம ஊர்ல சரிவு பெரும்பாலும் இடப்பக்கம். அதனால கொஞ்சமா இடப்பக்கம் நழுவினா அது வண்டியோட குத்தம் இல்லை. ஆனா வலப்பக்கம் இழுத்தா உடனே கவனிக்கணும், சரிவை எதிர்த்து இழுக்குதுன்னு அர்த்தம். (சோதிக்கறேன்னு கையை முழுசா எடுத்துடாதீங்க. காலி ரோட்டுல, பகல்ல, பிடியை மட்டும் தளர்த்திப் பார்த்தாப் போதும்.)

அடுத்தது காத்து. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி, டிரைவர் கதவுகிட்ட ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள அளவுப்படி நாலு டயரையும் பாருங்க. காத்து குறைஞ்ச டயர் பக்கம்தான் வண்டி இழுக்கும். பாதிப் பேருக்கு வைத்தியம் இதோட முடிஞ்சுடும், செலவும் கிடையாது.

அப்புறமும் இழுத்தா, முன்பக்க ரெண்டு டயரையும் இடம் வலமா மாத்திப் போடச் சொல்லுங்க. எந்த பஞ்சர் கடையிலயும் பண்ணுவாங்க. மாத்தினதும் இழுப்பு எதிர்ப்பக்கம் திரும்பினாலோ, காணாமப் போனாலோ, வில்லன் டயர்தான். டயருக்குள்ள இருக்கற இரும்புக் கம்பி பெல்ட் நடுவுல உக்காராம துளி நகர்ந்திருந்தா, ஒரு பக்கம் விறைப்பாவும் மறுபக்கம் தளர்வாவும் ஆயிடும். பேப்பர் கப்பைப் படுக்க வெச்சு உருட்டினா நேராப் போகாம வட்டமடிக்கும் இல்லையா, அதே கதைதான். இதுக்குக் கோனிசிட்டின்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, புது டயர்லகூட இருக்கும், இதை அளக்கறதுக்குன்னே டயர் ஃபேக்டரிகள்ல மெஷின் வெச்சிருக்காங்க. (1997-ல ஜே.கே. டயர் வாங்கின விக்ராந்த் ஃபேக்டரி நமக்குப் பக்கத்துல மேட்டகள்ளியிலதான் இருக்கு. டயர் ஊர்ல இருந்துக்கிட்டு டயரைச் சந்தேகப்படாம இருக்கலாமா? :-) ) ஒரே ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டுல சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை இடம் வலமா மாத்தக் கூடாது. அதுக்குப் பதிலா அதே பக்கத்துப் பின் டயரோட மாத்திப் பாருங்க.

மாத்தியும் அதே பக்கம் இழுத்தாத்தான் அலைன்மெண்ட் கடை வாசல். அங்கயும் ஒரு விஷயம். நம்ம சின்னக் கார்கள்ல பெரும்பாலும் முன்சக்கரத்தோட டோ ஒண்ணைத்தான் திருகி மாத்த முடியும். கேம்பர், கேஸ்டரை மாத்த வசதி கிடையாது. இழுக்க வைக்கறது பெரும்பாலும் இந்த ரெண்டுலயும் இடம் வலம் வித்தியாசம். டோ கெட்டா டயர் தேயும், ஸ்டியரிங் கோணலா நிக்கும், ஆனா அது மட்டுமே இழுப்புக்குக் காரணமாறது அபூர்வம். ஸ்டியரிங் நேரா நிக்குது, ஆனா வண்டி இழுக்குதுன்னா டோவைத் திருகி என்ன பிரயோஜனம்? அளந்த தாளைக் கேட்டு வாங்குங்க, முன்னாடி அளவும் பின்னாடி அளவும் சேர்த்து. கேம்பர் ஒரு பக்கம் தனியா விலகியிருந்தா, பள்ளத்துல விழுந்து ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைஞ்சிருக்கலாம். அதைத் திருகிச் சரி பண்ண முடியாது, மாத்தத்தான் வேணும்.

காமர்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு மூடுவோம். கூட்டல் சரியா வந்துடும், தப்பு எங்கயோ அப்படியே இருக்கும். காரணம் கண்டுபிடிக்காத அலைன்மெண்ட் பில்லும் அந்த ரகம்தான்.

பிரேக்கை மறந்துடாதீங்க. கிளம்பும்போது நல்லா இருந்து, இருபது முப்பது கி.மீ. ஓடினப்புறம் இழுப்பு அதிகமானா, ஒரு பக்க காலிப்பர் இறுகி விடாம உரசுதான்னு பாக்கணும். ஓரமா நிறுத்தி, சக்கரத்தைத் தொடாம, கிட்டக் கையைக் கொண்டுபோங்க. ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா, கருகல் வாசனை வந்தா, அதோட ஊருக்குப் போற பிளானை ஒத்தி வைங்க. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலும் சந்தேகம் பிரேக் மேலயும் லோயர் ஆர்ம் புஷ் மேலயும்தான் போகணும். 80, 90-ல ஸ்டியரிங் நடுங்கினா அது பாலன்ஸிங் சமாச்சாரம், இதோட போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

பொங்கலுக்கோ கோடை லீவுக்கோ ஓசூர், கிருஷ்ணகிரி வழியா சேலம் பக்கம் போறவங்க, குடும்பமும் மூட்டையும் ஏறின வண்டிக்கு ஸ்டிக்கர்ல தனிக் காத்து அளவு போட்டிருக்கும், அதையும் ஒரு தடவை படிச்சுடுங்க. இதையெல்லாம் கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி பாக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே பார்த்தாத்தான் டயர் மாத்திப் போட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் ஓட்டிப் பாக்க நேரம் இருக்கும்.