கால் மணி நேரத்தில் காண முடியாத ஊர்

கல்லில் வெட்டிய சட்டத்தைக் காண்பதற்கென்று ஜனங்கள் சமுத்திரம் தாண்டிப் போகிறார்கள். மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவின் மெஸாரா சமவெளியில், ஒலிவ மரங்களுக்கு நடுவே, கோர்ட்டின் என்னும் புராதன நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்குள்ள ஒரு வளைந்த சுவரில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட 600-க்கு மேற்பட்ட வரிகள், விவாகம், தாயபாகம், அடிமைகளின் நிலை ஆகியவற்றைப் பற்றிய விதிகளைச் சொல்லுகின்றன. சால் முடிந்ததும் திரும்பி வரும் உழவு மாட்டைப்போல, ஒரு வரி இடமிருந்து வலமாகவும் அடுத்த வரி வலமிருந்து இடமாகவும் ஓடுகின்றன. ஓர் ஆலையின் நீரோடைக்குள் மூழ்கிக் கிடந்த இந்தச் சாசனத்தை 1884-இல் ஹால்பர் என்ற இத்தாலியப் பண்டிதர் உலகத்துக்கு வெளிப்படுத்தினார்.

சமீபத்தில் அத்தீவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், பக்கத்துச் சிற்றூரில் அறை எடுத்துத் தங்கிக் கோர்ட்டினையும், அதற்கு மேற்கே உள்ள பைஸ்டாஸ் அரண்மனையையும் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்த விருத்தாந்தத்தை என்னிடம் விஸ்தாரமாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கள் உத்திரமேரூரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றேன். "ஏன் பார்க்காமல்? வந்தவாசிக்குப் போகிற வழியில் ஒரு தடவை காரை நிறுத்திக் கால் மணி நேரம் பார்த்தேனே!" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர், பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்களைக் கையால் தடவிப் பார்த்து, ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்ட் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தச் சாசனத்தைப் பற்றிப் பேசியதிலிருந்து இந்தக் கூட்டம் அதிகரித்திருக்கிறது. பார்க்கிற நேரம் அதிகரித்ததாகத் தெரியவில்லை.

919-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, அதைத் திருத்தி எழுதிய 921-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று; ஊர்க் காரியம் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை விதிக்கின்றன. குடும்புகள் என்னும் ஊரின் 30 பகுதிகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். பாலரும் விருத்தரும் கூடிய மகாசபையின் நடுவே, பூசை செய்யும் நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்தி வாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்துகொள்ளக்கூடாது என்ற ஜாக்கிரதையைத் தவிர அந்த விரித்த கைக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மனித சுபாவத்தைப் பற்றி யாதொரு பிரமையும் இல்லாதவர்களே இதை எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் இதை ஜனநாயகம் என்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை இது; வேதப் பயிற்சியும், வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயதும் உடையவர் பெயரே குடத்துக்குள் போயிற்று; ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் அறிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை மட்டும் உண்டு. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை கிடையாது. இச்சாசனத்தின் உண்மையான மகிமை வேறோர் இடத்தில் இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வர முடியாது, அவன் மட்டுமல்ல, அவனுடைய தகப்பன், மகன், மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன், அத்தை பிள்ளை வரையில் ஒருவரும் வர முடியாது. பொதுப் பணத்தைத் தின்றவன் தன் உறவினரை நிறுத்தி வைத்துக் காரியம் பார்ப்பான் என்பதை 1,100 வருஷங்களுக்கு முன்பே கண்டுகொண்டு வாசலை அடைத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டியவருக்கும் 3 வருஷம் கழித்துத்தான் மறு வாய்ப்பு.

இன்னொரு கல்வெட்டு, பொன்னின் மாற்றுப் பார்ப்பவர்களைப் பற்றியது. உரைகல்லில் படிந்த பொன் துகளை ஒற்றியெடுக்கும் மெழுகை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மெழுகில் ஒட்டிய துகள்கூட ஏரிக்கே உரியதென்று கருதிய ஊர் இது. வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்துச் சாசனங்கள் சொல்லும் அந்த ஏரிக்குப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் தூர் வாரிய செய்தியும் கல்லில் இருக்கிறது. சபை மறைந்து போயிற்று. ஏரி இன்றும் பாய்கிறது. நண்பரை இரண்டாம் முறை அழைத்து வந்தபோது, சுவருக்கு முன்னால் நிற்க வைத்ததைவிட அதிக நேரம் கரையின்மேல்தான் நிற்க வைத்தேன்.

இதே ஊரிலுள்ள சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கும் எம்பெருமானைப் படியேறித் தரிசிப்பதற்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும் என்பதோடு இப்போது நிறுத்திக்கொள்கிறேன்.

உத்திரமேரூர் வரையில் வந்தவர்கள், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்கு அவசியம் போக வேண்டும். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் ஏற்பட்ட ஒரு கலாசாலையையும், அதைச் சேர்ந்த ஆதுலசாலையையும் பற்றிய நீண்ட சாசனம் இருக்கிறது. 15 நோயாளிகளுக்கு இடம். அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவன், மூலிகை பறித்து வருபவர்கள், மருந்தூட்டும் பெண்கள், நாவிதன், தண்ணீர் கொண்டு வருபவன் என்று ஒவ்வொருவருக்கும் ஜீவிதம். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று ஒரு வருஷத்துக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் ஜாபிதாவோடு, இரவெல்லாம் எரிகிற ஒரு விளக்குக்கு எண்ணெயும் நிச்சயித்திருக்கிறார்கள். நள்ளிரவில் நோயாளி கண் விழித்தால் வெளிச்சம் வேண்டும் என்று நினைத்த மனசை நான் குடவோலைக்கு ஒரு படி மேலாகவே வைப்பேன். கிரீட்டுக்குப் போய்வந்த நண்பர் இதை ஆட்சேபிக்கவில்லை.

காஞ்சியிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் உத்திரமேரூருக்குப் பஸ் இருக்கிறது. தை மாதத்தில் வருவது உத்தமம். ஏரியில் நீர் இருக்கும். 1798-லேயே துரைத்தனத்தார் வேட்டையைத் தடுத்துக் காத்த வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் வருவார். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். கால் மணி நேரம்தான் உண்டென்றால், சுவரை விட்டுவிட்டு நேரே ஏரிக்கரைக்குப் போங்கள்.