லைனும் லயமும்

ஆங்கிலத்தில் ‘லைன்’ என்றொரு சிறு சொல் உண்டு. நான்கே எழுத்துக்களால் ஆனது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்த அது, இன்று சுமக்கும் பொருள்களோ பற்பல. கணித ஆசிரியருக்கு அது கோடு, புலவருக்குச் செய்யுளடி, மீனவருக்குத் தூண்டிற் கயிறு, படைத்தலைவருக்குப் போர்முனை, பிரபுவுக்குத் தம் குலவழி. தமிழரும் அதனை விட்டாரில்லை. தொலைபேசியில் குரல் கேளாவிடில் ‘லைன் சரியில்லை’ என்கிறோம். மின்கம்பம் ஏறுபவரை ‘லைன்மேன்’ என்கிறோம். ஒருவர் தொழில் வேறாயின் ‘அவர் லைனே வேறு’ என்கிறோம்.

இத்துணைப் பொருள்களுள் மலாயாத் தோட்டத் தமிழனுக்கு வாய்த்தது எது? இதுவே நம் கேள்வி.

குளுவாங் நகரம் ஒரு லைனை ஒட்டி வளர்ந்த ஊர். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. 1915-இல் மத்திய ஜொகூரின் நிர்வாகத் தலைமையிடமாகக் குளுவாங் அமைந்தது. சுற்றிலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. அந்த ரப்பருக்குப் பால் வெட்டத் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆற்காட்டிலும் இருந்து கங்காணிகள் ஆள் கட்டி வந்தார்கள். ஆக, லைன்கள் இரண்டு உண்டாயின. ரயில் லைன் சரக்கை வெளியே கொண்டு செல்வதற்கு. தோட்டத்து லைன் ஆளை உள்ளே நிறுத்தி வைப்பதற்கு!

தோட்டத்து லைன் எத்தகையது? ஒரே நீண்ட கூரை. அதன் கீழ்த் தடுப்புத் தடுப்பாக அறைகள். முன்னே ஒரு தாழ்வாரம். பல தோட்டங்களில் தடுப்புச் சுவர் கூரையைத் தொட்டதுமில்லை. ஒரு குடும்பத்தின் இருமலும் அழுகையும் மறு குடும்பத்திற்கு உரியனவாயின. ஆங்கிலேயர் சிப்பாய்களின் வரிசைக் கொட்டடிகளை ‘லைன்’ என்றனர். படைக்குதிரைகளைக் கட்டும் வரிசையையும் அவ்வாறே அழைத்தனர். அதே சொல் தோட்டத்திற்கும் வந்தது. ‘கூலி’ என்பதோ நம் நாட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொல். இவ்விரண்டையும் இணைத்துக் ‘கூலி லைன்’ என்று எழுதிவைத்தார்கள். எழுதியது அவர்கள், அதனுள் வாழ்ந்தது நாம்.

நாம் என்ன செய்தோம்? லைனை ‘லயம்’ ஆக்கினோம். லயம் என்றால் இசையின் காலப்பிரமாணம்; ஒன்றில் ஒன்று ஒடுங்கிக் கலத்தல். சொல் எவ்வளவு இனிது! ஆனால் லகரத்தின் பக்கத்தில் ஒரு துணைக்காலை இட்டுப் பாருங்கள்: லாயம்! குதிரை கட்டும் கொட்டில்! நம் மக்கள் வாழ்ந்த இடத்திற்குப் பொருத்தமான பெயர் எதுவென்பதை அவ்வொரு கால் காட்டிவிடுகிறது.

இன்று மேடைதோறும் சிலர் எழுந்து, ‘லயத்து வாழ்வு போல் வருமா? ஒரு வீட்டுக் குழம்பு பத்து வீட்டுக்கு மணக்குமே, ஒருவருக்குத் துன்பமென்றால் ஊரே திரளுமே’ என்று உருகுகின்றார்கள். திரண்டது மெய், நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பெருமை யாருக்கு உரியது? தகரக் கூரைக்கா? தடுப்புப் பலகைக்கா? அந்த நெருக்கடியிலும் மனிதராய் நடந்துகொண்ட ஏழைத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் அன்றோ உரியது! சிறையில் கைதிகள் சோற்றைப் பகிர்ந்து உண்டால் சிறைக்கு விழா எடுப்பார் உண்டோ?

வேறொரு சாரார் தூய தமிழ் அன்பர்கள். ‘லைன் என்னாதீர், வரிசைவீடு என்னுங்கள், குற்றம் தீர்ந்தது’ என்பர். தமிழில் ‘வரிசை’ என்பதற்கு ஒழுங்கு மட்டுமன்று, சிறப்பும் மரியாதையும் பொருளாகும். திருமணத்திற்குக் கொடுப்பது சீர்வரிசை. பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்று, துரை வருகையில் ஒதுங்கி நின்றவனுக்கு எந்த வரிசை கிடைத்தது? ரப்பர் மரங்களின் வரிசைக்கு நம்மவர் ‘நிரை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே வழங்கினர். மரத்திற்குச் செந்தமிழ் கிடைத்தது. மனிதனுக்கு இரவல் சொல்லும் இரவல் கூரையும் கிடைத்தன. பெயரை மாற்றினால் கூரை சொந்தமாகிவிடாது, அன்பர்களே!

லைனின் கொடிய பொருளையும் இம்மக்கள் கண்டார்கள். 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து தமிழரைத் திரட்டிச் சென்றார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். ஆள்களை ஓரிடத்தில் நிரப்பி வைத்த லயம், ஆள் பிடிக்க வந்தவனுக்கு எவ்வளவு எளிதாயிற்று! தனக்கென நிலமும் வேலியும் இல்லாதவனை எந்த ஆட்சியும் சரக்கைப்போல் பெயர்த்துச் செல்லும் என்பதே அந்த லைன் கற்பித்த பாடம்.

‘அதெல்லாம் பழங்கதை’ என்பீர்களாயின், அதன் பின் நடந்ததைப் பாருங்கள். 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, மரம் கைமாறியது. மரத்தோடு வாழ்ந்தவன் தெருவில் நின்றான். அந்நாளில் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளியே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று அது காட்டியது. 1990-ஆம் ஆண்டுச் சட்டமோ தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிகளை வகுத்தது. நல்லது, ஆனால் வசதி வேறு, உரிமை வேறு. தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்ட வீடு. முதுமையில் வேலை நின்றால் வீடும் நிற்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குளுவாங் வழியே சென்ற பழைய ஒற்றைத் தண்டவாளமும் மின்சார இரட்டைப் பாதையாயிற்று. இரும்பு லைனுக்குக் கிடைத்த முன்னேற்றம் மனித லைனுக்குக் கிடைத்ததா?

தோழர்களே, ஒரு சொல்லுக்கு நூறு பொருள் இருக்கலாம். எப்பொருள் யாருக்கு என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை, அதிகாரமே தீர்மானிக்கிறது. பிரபுவுக்குக் குலவழி, நமக்குக் கொட்டடி! இப்பங்கீட்டை அகராதி திருத்தி மாற்ற முடியாது. நிலப்பட்டாவில் நம் பெயரை எழுதுவித்தே மாற்ற வேண்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவருக்குச் சொந்த வீடு என்பதைக் கருணையாகக் கேளாமல் கணக்காகக் கேளுங்கள். தேர்தல் தோறும் கேளுங்கள். சங்கக் கூட்டந்தோறும் கேளுங்கள்.

தமிழில் வீடு என்னும் சொல்லுக்கும் பொருள் இரண்டு: குடியிருக்கும் இல்லம் ஒன்று, விடுதலை மற்றொன்று. விடுதலையாகிய வீட்டை மறுமையில் பெற்றுக்கொள்ளலாம் என்று நம் முன்னோரிடம் சொல்லி வந்தார்கள். நமக்கு அவ்விரண்டும் இம்மையிலேயே, ஒரே கதவின் பின்னே, வேண்டும்.