மெய்யான வாய்ப்பே மாணவர் உரிமை

தனியார் பள்ளி மாணவர், பெற்றோர், ஆசிரியர் கூட்டியக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

தனியார் பள்ளிகளில் பயிலும் மாணவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுமாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகத் திரள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்ன செலவு என்பதை ஒளிவுமறைவின்றி அறிவது மாணவரின் உரிமை. அறிவிப்பது பள்ளியின் கடமை. அந்த உரிமையை நிலைநாட்டவும் அந்தக் கடமையை நிறைவேற்றச் செய்யவும் இவ்வியக்கம் பிறக்கிறது.

கனவை விற்ற காலம் முடிந்தது. கணக்கைச் சொல்லும் காலம் தொடங்கியது.

முடிந்துபோன முறை

கட்டணம் கட்டினால் கல்லூரி உறுதி என்ற வாக்கின்மேல் ஒரு கல்விமுறை எழுந்தது. அந்த வாக்கு பொய்த்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருவேற்றிய விடுதிப் பள்ளிகள் சென்டங்களைக் குவித்தன. அங்கிருந்து சென்ற பிள்ளைகளோ பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் அரியர்களைச் சுமந்தார்கள். வினாக்களில் ஏறத்தாழப் பாதியைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கேட்கும் நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு வந்ததும் அந்த முறையின் அடித்தளம் ஆட்டங்கண்டது.

பள்ளி வாசலில் தொங்கும் பிளெக்ஸ் இந்த முறையின் முழு உருவம். மேல் வரிசையில் மூன்று முகங்கள் பெரிதாக. அடுத்த வரிசையில் சென்டம் எடுத்தவர்கள். ஓரத்தில், மருத்துவ இடம் பெற்ற பழைய மாணவர் ஒருவர். அவர் வேறோர் ஊரில் ஓராண்டு ரிப்பீட்டர் வகுப்பில் படித்து வென்ற செய்தி மட்டும் அதில் இருக்காது. இருநூறு பேர் தேர்வெழுதிய பள்ளியில் இருபது முகங்களுக்கு அங்கே இடமுண்டு. எஞ்சிய நூற்றெண்பது பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று எந்தப் பிளெக்ஸும் சொன்னதில்லை. அந்த நூற்றெண்பது பேரின் குரலே இவ்வியக்கம்.

வரலாறு எங்கள் திசையில் நடக்கிறது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வை நீக்கத் தமிழ்நாடு 2006-இல் சட்டமியற்றியது. பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. அரசு கைவிட்ட அந்தத் தரவரிசை வெறியைப் பள்ளிகளும் கைவிடும் நாள் வந்தே தீரும். அந்த நாளை விரைவுபடுத்துவதே எங்கள் வேலை.

நாங்கள் ஏற்பவை

உண்மையை ஏற்கிறோம். ஜேஇஇ மெயின் தேர்வுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். ஐஐடிகள் அனைத்திலும் சேர்த்து இடங்கள் ஏறத்தாழ 18,000. நீட் எழுதுவோர் இருபது லட்சத்தைத் தாண்டுகிறார்கள். நாடெங்கும் உள்ள எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. அவற்றிலும் ஏறக்குறையப் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. இந்த எண்களை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் மறைத்து, ஃபவுண்டேஷன் வகுப்புக்குப் பணம் வாங்குவது அநீதி. இவற்றைச் சொல்லி, அதன்பின்னும் முயல விரும்பும் பிள்ளைக்குத் துணைநிற்பது கல்வி.

தெளிவை ஏற்கிறோம். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்த மாணவியை எடுத்துக்கொள்வோம். கணிதம் முழுமையாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர, அவருடைய பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 181. பொதுப்பிரிவில் இந்த மதிப்பெண்ணுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியல் கிடைக்காது. அது 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். ஆனால் சிவில், மெக்கானிக்கல் போன்ற துறைகளில் நல்ல கல்லூரிகள் இந்த மதிப்பெண்ணுக்குக் கதவு திறக்கின்றன. சமூகப் பிரிவுவாரியாகச் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற விவரம் பொதுவெளியில் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. இவற்றை மேசையில் விரித்து வைத்து ஒரு மணி நேரம் பேசினால் அந்த மாணவிக்கு வழி தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றுத் தருவோம்.

சமூகநீதியை ஏற்கிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-இலும் தமிழ்நாடு வழங்கிய 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை நாங்கள் முழுமனத்தோடு வரவேற்கிறோம். எங்கள் பிள்ளைகளின் இடத்தை அது பறித்ததாகச் சொல்லப்படும் முணுமுணுப்பை நிராகரிக்கிறோம். எங்கள் பிள்ளைகளை ஏமாற்றியது ஏழையின் பங்கு அல்ல, எங்களிடம் விற்கப்பட்ட பொய் உறுதிமொழி. பக்கத்துத் தெருப் பிள்ளையின் ஏற்றம் எங்கள் பிள்ளையின் இறக்கம் ஆகாது.

பன்மையை ஏற்கிறோம். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு கதவுகளுக்குள் உயர்கல்வி அடங்கிவிடாது. அறிவியலை நேசிக்கும் பிள்ளைக்கு ஐசரும், கணிதத்தை நேசிக்கும் பிள்ளைக்குச் சிறுசேரியின் சென்னை கணிதவியல் கழகமும் தனித் தேர்வு நடத்தி இடம் தருகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரி இன்றும் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இவற்றை இரண்டாந்தரம் என்று பேசும் நாவை நாங்கள் மாற்றுவோம்.

நாங்கள் மறுப்பவை

மதிப்பெண்ணை மனிதரின் மதிப்பாக்குவதை மறுக்கிறோம். தரவரிசையைத் தகுதியின் கடைசித் தீர்ப்பாக்குவதை மறுக்கிறோம். ஒரே கட் ஆஃபில் நிற்கும் இருவரின் பிற மதிப்பெண்ணும் பிறந்த நாளும் ஒன்றானால், யார் முன்னே என்பதை ரேண்டம் எண் முடிவு செய்கிறது. குலுக்கலில் விழும் எண்ணுக்காக ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீட்டை மறுக்கிறோம்.

வருகைப் பதிவு ஓரிடத்திலும் படிப்பு வேறிடத்திலுமாக நடக்கும் டம்மி பள்ளிகளை மறுக்கிறோம். மதிப்பெண் வாரியாகப் பிரித்த செக்‌ஷன்களை மறுக்கிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் காட்டி, பிள்ளை விரும்பிய குரூப்பை மறுக்கும் நிர்வாகத்தை மறுக்கிறோம். கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கத் தூண்டும் இடைத்தரகை மறுக்கிறோம்: சிறுபான்மையல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளின் 65 விழுக்காடு இடங்கள் கவுன்சிலிங்கில் இருக்க, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடக்க, பெற்றோரின் பதற்றமே அந்தச் சந்தையின் ஒரே சரக்கு.

எங்கள் கோரிக்கையும் எங்கள் பணியும்

ஒவ்வொரு தனியார் பள்ளியும் கடந்த மூன்று ஆண்டுகளில் தேர்வெழுதிய அனைவரும் சென்றடைந்த படிப்புகளையும் கல்லூரிகளையும், பெயர் நீக்கி, முழுமையாக வெளியிட வேண்டும். கவுன்சிலிங்கில் சேர்ந்தவர் எத்தனை பேர், பணம் கட்டிச் சேர்ந்தவர் எத்தனை பேர், ரிப்பீட்டராகக் காத்திருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கு அட்மிஷன் படிவத்தோடு பெற்றோர் கையில் வர வேண்டும். பத்தாம் வகுப்பு முடியும் முன்பே, குரூப் தேர்வின் விளைவுகளை மாணவரிடம் விளக்க வேண்டும்.

கேட்பதோடு நிற்கமாட்டோம். சென்ற ஆண்டுகளில் கவுன்சிலிங்கைக் கடந்த மாணவர்கள் அடுத்த அணிக்குச் சாய்ஸ் ஃபில்லிங் கற்றுத்தருவார்கள். விருப்ப வரிசையில் முதலில் ஆசையை, நடுவில் சாத்தியத்தை, இறுதியில் பாதுகாப்பை வைக்கும் முறையை ஊர்தோறும் சொல்வார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. இதில் விளம்பரம் இல்லை. தனியார் பள்ளி, அரசுப் பள்ளி என்ற வேறுபாடும் இதில் இல்லை.

மாணவர்களே, உங்கள் மதிப்பெண் உங்கள் உழைப்பு. அதன் பொருளை அறியும் உரிமையும் உங்களுடையது. பெற்றோரே, கட்டணம் கட்டும் நாளில் கணக்குக் கேளுங்கள். கேட்கத் தயங்கும் அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். ஆசிரியர்களே, வகுப்பறையில் நீங்கள் அறிந்த உண்மையை நிர்வாகத்தின் முன்னும் சொல்லுங்கள். உங்கள் பின்னால் நாங்கள் நிற்கிறோம்.

அச்சத்தால் ஆளப்பட்ட கல்வியை அறிவால் ஆளப்படும் கல்வியாக மாற்றுவோம். மெய்யைச் சொல்லும் பள்ளியைப் போற்றுவோம். மறைக்கும் பள்ளியைச் சொல்ல வைப்போம்.