தேனீயின் கணக்கை யார் எழுதுவது?

ஒரு விவசாயி பூச்சிமருந்து வாங்கினால் மருந்தின் விலை பில்லில் வரும். தெளிக்கிற ஆள்கூலியும் செலவில் ஏறும். ஆனால் அந்த மருந்தில் செத்துப்போகும் தேனீக்கள்? அவை எந்தப் பேரேட்டிலும் வருவதில்லை. பொருளாதாரத்தில் இதைப் புறச்செலவு என்பார்கள். செய்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்!

இதில் வேடிக்கை, சுமப்பவரும் பல நேரம் அதே விவசாயிதான். எடப்பாடி பக்கத்துத் தோட்டங்களில் பூசணி, பாகல் கொடிகளைப் பாருங்கள். ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும்.

பருத்தி விதையிலேயே தடவப்படும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றோடு ஏறி, பூவின் தேன், மகரந்தம் வரை போகக்கூடியவை. தேனீயை உடனே கொல்லாத அளவுகூட அதற்குக் கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கச் செய்துவிடும். இதே வகையைச் சேர்ந்த தயாமீத்தாக்சம் மருந்தை வைத்துப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2012-ல் இதைக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் இவ்வகை மருந்துகள் மூன்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2018-ல் திறந்தவெளியில் அவற்றைப் பயன்படுத்தவே தடை போட்டது. இந்தியாவில் அவை இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது ஒரு வைரஸ் நோய். மருந்தே அடிக்காதே என்று சொல்வதும் சுலபம். அசுவினியும் தத்துப்பூச்சியும் பயிரைத் தின்றால் கடனை யார் கட்டுவது?

ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பூக்கும் பருவத்தில் தெளிப்பதைத் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாவிட்டால் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, சாயங்காலத்தில் தெளிக்கலாம். விதையில் தடவும் மருந்துக்கு இந்த யோசனை உதவாது. அதை அரசுதான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்கிறது, தேனீக்கு அல்ல. நீலம்தானே என்று நம்பி அடிப்பவருக்கு உண்மை எப்படித் தெரியும்? முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தேனீ படம் போட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம் மைதான்.

கணக்கில் எழுதாத செலவு இல்லாமல் போய்விடாது. ஒருநாள் காய்க்காத கொடியாக வந்து நிற்கும்.