காற்றைப் பிடுங்கு!

நோ பார்க்கிங்கில் நிறுத்திய ஸ்கூட்டரில் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் பிடுங்கியும் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டியின் சொந்தக்காரரே குத்தவைத்து உட்கார்ந்து, நாலு டயரிலும் 'புஸ்ஸ்ஸ்' என்று காற்றை இறக்கிவிட்டுச் சந்தோஷப்படுவதை ஷார்ஜாவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் மச்சினன் அங்கே 12 வருஷமாகக் கணக்கெழுதுகிறான். பாலைவனத்தை ஆபீஸ் காலண்டரில் பார்த்ததோடு சரி. போன குளிர்காலத்தில் நாங்கள் குடும்பத்தோடு அவன் வீட்டுக்குப் போயிருந்த சமயம், செகண்ட்ஹாண்டில் ஒரு ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்கி, "மணல்ல ஓட்டப் போறேன்" என்று கிளம்பினான். "நீங்களும் கூடப் போங்க" என்று என்னையும் ஏற்றிவிட்டாள் மனைவி. தம்பிக்குத் துணைக்கா, என் இன்ஷூரன்ஸை உத்தேசித்தா என்று இன்றுவரை தெரியவில்லை.

துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் அல் பதாயர் என்று ஓர் இடம். அங்கே 'பிக் ரெட்' என்று ஒரு மணல் மலை, கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம். மணல் செக்கச்செவேலென்று எங்க ஊர்த் தேரிக்காடேதான்! திருச்செந்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் சாயம் ஒன்றே: மணலில் ஒட்டிய இரும்புத் துரு. (பயப்படாதீர்கள், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களை அந்த மலையில் ஏற்றுவதில்லை. சுற்றி இருக்கிற குட்டி மேடுகள்தான். குட்டி என்றால், எங்கள் வீட்டு மொட்டை மாடி உயரம்.)

மொத்தம் 11 வண்டிகள். தலைவர் ஒரு திருச்சூர் சேட்டன். வாரம் பூரா ஏ.ஸி. ரிப்பேர், லீவு நாளில் மணல். பத்து காசு வாங்காமல் சொல்லித் தருகிறார். முதல் பாடமே காற்று. ரோட்டில் 35 பவுண்டு இருக்கிற டயரை 15-க்கு இறக்கினால், டயர் சப்பையாகி மணலில் நீளமாகப் படிகிறது. பாரம் பரவுவதால் புதைவதில்லை. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்காகத்தான்.

அப்புறம் சட்டதிட்டம். தலைவர் முதலில், அவர் வாலைப் பிடித்தபடி புதுமுகங்கள், கடைசியில் அனுபவஸ்தர் ஒருவர். வண்டிக்கு வண்டி வாக்கிடாக்கி. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி உயரமாக ஒரு கொடி. முன்னால் போனவன் தடத்திலேயே போ. அவன் மேட்டைத் தாண்டி 'க்ளியர்' சொல்லும்வரை ஏறாதே. காற்றடிக்கிற பக்கம் மேடு சாய்வாக இருக்கும், மறுபக்கம் சறுக்குமரம். இறங்கும்போது நேராக இறங்கு. பிரேக்கை மிதிக்காதே. வண்டி பக்கவாட்டில் சறுக்கினால் பள்ளத்துப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. மேட்டுப் பக்கம் திருப்பச் சொல்லி மூளை கெஞ்சும். கேட்டால் உருளவேண்டியதுதான்.

மூன்று மேடு தாண்டினோம். "என்னத்தான், எப்படி?" என்றான் மச்சினன், சூப்பர் ஸ்டார் பாவனையில். நாலாவது மேட்டின் உச்சியில் கண்ணாடி முழுக்க ஆகாசம்தான் தெரிந்தது. பயந்து காலை எடுத்துவிட்டான். வயிறு மேட்டில் தட்டி, வண்டி தராசு மாதிரி நின்றது.

வாக்கிடாக்கி அலறியது: "ஆக்ஸிலரேட்டரில்நின்னு காலெடுக்கு சாரே!"

இவன் காது கேட்கவில்லை. மிதித்தான். மணல் பீய்ச்சி அடித்தது. மறுபடி மிதித்தான். சக்கரம் சுற்றச் சுற்ற, கிணறு வெட்டுகிற மாதிரி ஆக்ஸில் வரைக்கும் இறங்கிவிட்டது. "ஒண்ணுமில்லத்தான், இதோ வந்துரும், வந்துரும்..."

சேட்டன் நடந்து வந்து, கதவைத் திறந்து, சாவியை அணைத்தார். அவ்வளவுதான். ஒரு பாகிஸ்தானி, ஓர் எகிப்துக்காரர், இரண்டு பிலிப்பினோக்கள் என்று முன்பின் தெரியாத அத்தனை பேரும் மண்டியிட்டு வயிற்றடி மணலைத் தோண்டினார்கள். ஒருத்தர்கூட 'ஏன் மிதிச்சே?' என்று கேட்கவில்லை. ரப்பர் மாதிரி இழுபடுகிற நைலான் கயிற்றை மாட்டி, அறுந்தால் ஆளை அடித்துவிடும் என்று எங்களைத் தூரமாக விரட்டிவிட்டு, ஒரே இழு. வண்டி வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

இருட்டிய பிறகு, ரோட்டோரமாக நிறுத்தி கம்ப்ரஸரால் காற்றடித்தோம். சப்பை டயரோடு ஹைவேயில் பறந்தால் சூடேறி வெடித்துவிடும். டயர் மெல்ல உப்புவதைப் பார்த்தபடியே மச்சினன் சொன்னான்:

"2020-ல எனக்கு வேலை போயிட்டு அத்தான். கொரோனாவுல நாலு மாசம் சும்மா இருந்தேன்."

"மாசாமாசம் ஊருக்குப் பணம் வந்துச்சேடா?"

"மூணு க்ரெடிட் கார்டு. ஒண்ணை அடைக்க இன்னொண்ணுல எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லலை. வந்துரும் வந்துரும்னு மிதிச்சிக்கிட்டே இருந்தேன். போன வருஷம்தான் முழுசா அடைச்சேன். அன்னிக்கு யாராச்சும் வந்து சாவியை அணைச்சிருக்கலாம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாலு மாசத்தில் ஒருநாள் நான் அவனுக்கு போன் பண்ணினேன். பையனுக்கு ஆன்லைன் க்ளாஸ், நல்ல செல்போனாக ஒன்று வாங்கி அனுப்பு என்று. 'சரித்தான்' என்றான். அனுப்பினான். கலர் சரியில்லை என்று வேறு சொன்னேன்.

"கலர் ஞாபகம் இருக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீலம். நீங்க கறுப்பு கேட்டீங்க." சிரித்தான்.

வழியில் மனைவி போன். "தம்பி ஒழுங்கா ஓட்டினானா?"

"பிரமாதமா ஓட்டினான். காத்தைத்தான் கொஞ்சம் இறக்கவேண்டி வந்துது."

"வண்டிக்கா?"

"எனக்கும்தான்."