பழைய சட்டைக்கு ஒரு வரிச் சண்டை!

அமெரிக்காவில் ஒரு குடும்பம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சட்டைகள் பற்றவில்லை. மூட்டை கட்டி, தர்ம ஸ்தாபனத்தில் கொடுக்கிறார்கள். யாராவது ஏழை உடுத்தட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

நல்ல எண்ணந்தான். ஆனால், அந்தச் சட்டை போகும் பாதை வேறு!

ஸ்தாபனத்தின் கடையில் ஒரு பகுதி விற்கிறது. மிஞ்சியதை வியாபாரிகள் எடை போட்டு வாங்குகிறார்கள். பொதி கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். தானம், சரக்காகிவிடுகிறது.

அதில் ஏராளம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கென்யாவில் இதன் பெயர் "மிதும்பா". பொதிகள் என்று அர்த்தம். பொதியைப் பிரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நல்ல துணி வந்தால் லாபம். கறையும் கிழிசலும் வந்தால், போட்ட பணம் போச்சு!

2½ டாலர்

ஏழைக்கு மலிவுச் சட்டை கிடைக்கிறது. அந்த மலிவே உள்ளூர் ஆலைக்கு எமன் என்று அரசாங்கங்கள் கருதின. கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா முதலிய நாடுகள் 2016-ல் கூடிப் பேசின. 2019-க்குள் பழைய துணி இறக்குமதியை நிறுத்துவது என்று தீர்மானித்தன.

சின்னஞ்சிறு ருவாண்டா முந்திக்கொண்டது. கிலோவுக்கு 20 சென்டாக இருந்த வரியை 2½ டாலராக உயர்த்தியது. 12 மடங்குக்கும் மேல்!

அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகளுக்குக் கோபம். 2017-ல் தங்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சரக்குக்கு அமெரிக்கா 2000-ம் ஆண்டு முதல் வரிச் சலுகை கொடுத்து வந்தது. பழைய துணியைத் தடுத்தால் அந்தச் சலுகை போகும் என்று எச்சரிக்கை வந்தது.

கென்யா பின்வாங்கியது. பிறகு தான்சானியாவும் உகாண்டாவும் பின்வாங்கின. ருவாண்டா மட்டும் அசையவில்லை. 2018 ஜூலையில் ஜனாதிபதி டிரம்ப், ருவாண்டா ஆடைகளுக்கு இருந்த சலுகையை நிறுத்தினார்.

அடி யாருக்கு?

ருவாண்டா அமெரிக்காவுக்கு விற்ற ஆடை கொஞ்சந்தான். அதனால் பெரிய நஷ்டமில்லை. அடி விழுந்தது உள்ளூர்ச் சந்தையில்! பழைய துணி விற்றுப் பிழைத்தவர்கள் தொழில் இழந்தார்கள். வாங்குகிறவர்களுக்கு விலை ஏறியது. உள்ளூரில் தைத்த ஆடை, ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. சந்து கிடைத்ததும் சீனாவின் மலிவான புதுத் துணி நுழைந்தது.

ஆலை வேண்டும் என்று அரசாங்கம் நினைத்ததில் தவறில்லை. பிள்ளைக்கு மலிவாய் ஒரு சட்டை வேண்டும் என்று தாய் நினைப்பதிலும் தவறில்லை. வரி ஒரே நாளில் வந்துவிட்டது. ஆலை அப்படி வரவில்லை. கோளாறு அங்கேதான்.

சண்டை அத்தோடு ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் உகாண்டா ஜனாதிபதி முசெவேனி, பழைய துணிக்குத் தடை என்று மறுபடி அறிவித்தார். சந்தை வியாபாரிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள்.